பேர்டி அண்ணனின் புது ட்ரம்பெற்

பேர்டி அண்ணனிடம் காருக்குப் பெயின்ற் அடிக்கக் கொடுப்பவர்களுக்கு நான் சொல்லும் புத்தி ஒன்றுதான்: அவசரம் என்று வாய் திறக்காதீர்கள். மட்டக்களப்பு டவுனில் அவரைப் போல பெயின்ற் அடிக்க ஆளில்லை. அவரைப் போல இழுத்தடிக்கவும் ஆளில்லை. ஒரு தூசு படிந்திருந்தாலும் பக்கத்தில் மாஸ்கிங் ரேப் என்கிற ஒட்டுக் காகிதத் துண்டொன்றை ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு, மறுபடியும் தேய்க்கத் தொடங்கிவிடுவார். என் காரைப் பார்த்து அம்மை போட்டதோ என்று கேட்டவர்கள் உண்டு.

அப்படிப்பட்டவரிடம் கொழும்பிலிருந்து புது ட்ரம்பெற் வந்து சேர்ந்தது. மகள் கிளோடியாவின் கல்யாணத்தில் வாசிக்கவென்றே ஆசையாக எடுப்பித்தது. பழையது வால்வு இறுகிக் கிடந்தது. கல்யாணம் வருகிற சனிக்கிழமை. அது முடிந்த கையோடு அவள் மாப்பிள்ளை க்ளைவுடன் அவுஸ்திரேலியா போகிறாள்.

நான் பார்க்கப் போனபோது மேசையில் ட்ரம்பெற் கிடந்தது. உடம்பெல்லாம் ரேப் துண்டு.

"இஞ்ச பாரு தம்பி, பித்தளைக்கு மேல மினுக்கத்துக்கு அடிச்ச லாக்கர் பூச்சு வழிஞ்சு காஞ்சிரிக்கி. இதில ஊசிக்குத்து மாதிரி ஓட்டை. இதப் போய் புதுசெண்டு வித்திருக்கானுகள்!"

"சத்தம் எப்படி இரிக்கி அண்ணன்?"

"ஊதினா திருப்பி எடுக்கமாட்டானுகளாம். நான் வாயே வைக்கல்ல. அனுப்பப் போறன்."

வேறொன்று வர ஒரு மாதமாகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"அப்ப கல்யாணத்தில விசிலா அடிக்கப் போறீங்க?" என்றார் பேர்டி அண்ணனின் மனைவி தெல்மா. எனக்கும் எரிச்சலாக வந்தது. ஊதுகிற சாமானை இப்படி நோண்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வராது?

உள்ளேயிருந்து கிளோடியா வந்தாள். ட்ரம்பெற்றைத் தூக்கி வாயில் வைத்து, மூச்சைப் பிடித்து ஊதினாள். கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம்.

பேர்டி அண்ணன் பதறி எழுந்தார். "என்ன வேல பாத்த புள்ள!"

"இனி அனுப்ப ஏலாதுதானே. பப்பா, இது இல்லாட்டியும் கல்யாணம் நடக்கும். நான் போகத்தான் போறன். ஊதுங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. மகளை அனுப்ப மனமில்லாமல்தான் மனிதர் ட்ரம்பெற்றோடு சண்டை பிடித்திருக்கிறார். எரிச்சல் போய் எனக்குப் பாவமாக இருந்தது.

ரேப்பை ஒவ்வொன்றாக உரித்துவிட்டு ஊதினார். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அதை அவரே வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை அவர் ஊதிய பைலாப் பாட்டுக்குக் கிழடு கட்டையெல்லாம் ஆடியது. மணமக்களை விமான நிலையத்துக்கு ஏற்ற வந்த வான் வண்டி வாசலில் ஹோன் அடித்தது. பேர்டி அண்ணன் காதில் விழாதவர் போல அடுத்த பாட்டைத் தொடங்கினார். அது முடிய இன்னொன்று. மணப்பெண் ஆடிக்கொண்டிருக்கும்போது கிளம்பு என்று யார் சொல்வது?

கடைசியில் கிளோடியாவே வந்து, ட்ரம்பெற்றின் அகன்ற வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"காணும் பப்பா, நிப்பாட்டுங்க. வான் நிக்கிது."

"இன்னும் ஒண்டே ஒண்டு மகள்."

அவள் கையை எடுக்கவில்லை. அவர் ட்ரம்பெற்றை என்னிடம் தந்துவிட்டு, அவளுடைய பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வானை நோக்கி நடந்தார்.