ஹானா அம்மாவுக்கு வைத்த நேர்த்தி

என் அண்ணன் பெண்சாதி குகனேஸ்வரிக்கு எதையும் கடைசிவரை கேட்கும் பொறுமை கிடையாது. "மச்சாள், அடுப்பிலை பால்..." என்று நான் வாய் திறந்தால் போதும், "நிப்பாட்டிட்டன்" என்று மறுமொழி வந்துவிடும். பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கமாட்டாள் என்பார்கள். இவள் ஆக்கவே பொறுக்கமாட்டாள். பலெர்மோவில் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறோம், அவள் மேல்மாடி, நான் கீழ்மாடி. அவள் படியிறங்கும் சத்தத்தை வைத்தே பஸ் போய்விட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

இத்தாலியன் பேசவிட்டால் கபோ சந்தையில் மீன்காரனையே வாயடைக்க வைப்பாள். வாசிக்கச் சொன்னால்தான் வில்லங்கம். கார் லைசென்ஸ் எடுக்க முதலில் ஓர் எழுத்துச் சோதனை இருக்கிறது. திரையில் வசனங்கள் வரும், சரியா பிழையா என்று அமத்த வேண்டும். இவள் வசனத்தின் தலையைப் பார்ப்பாள், டக்கென்று அமத்திவிடுவாள். வாலில் இருக்கும் சங்கதி காலை வாரிவிடும். முந்தின தடவையும் ஃபெயில், போன தடவையும் ஃபெயில். ஆனால் மண்டபத்தை விட்டு முதல் ஆளாக வெளியே வருவது மட்டும் எப்போதும் அவள்தான்.

முன்பென்றால் இது சிரிக்கிற விஷயம். போன வருஷம் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, எங்கள் வாயில் சிஞ்ஞோரா, நகரத்து வீட்டை விற்றுவிட்டு, மகன் இருக்கும் ஊர்ப்புறத்துச் சியாகுல்லிக்குக் குடிபோனார். மண்டரின் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவே வீடு. பஸ், தெய்வம் நினைத்தால் வரும். சிஞ்ஞோரா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: உன்னை விட்டுவிட எனக்கு மனமில்லை, கார் நான் தருகிறேன், லைசென்ஸ் நீ எடு. வாற எழுத்துச் சோதனையில் பாஸ் பண்ணினால் ஓட்டப் பழகும்வரை காத்திருப்பேன். தவறினால் பக்கத்து வீட்டில் ஒருத்தி வரத் தயாராக இருக்கிறாள்.

குகனேஸ்வரி பலெர்மோவுக்கு வந்த நாளிலிருந்து அந்த ஒரு வீடுதான். அந்தக் குசினியில்தான் இத்தாலியன் பழகினாள். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபடியேதான் மகள் கேசிகாவைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனாள். "என்ர குசினியை வேறை ஒருத்திக்கு விடமாட்டன், அம்பிகை," என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில்தான் என் தம்பி பிரசாந்தின் மகள் பெரியபிள்ளையாகி மான்செஸ்டரில் சாமத்தியச் சடங்கு வந்தது. மாமி முறைக்கு நானும் பெரியம்மா முறைக்கு அவளும் போகாமல் யார் போவது? அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. மச்சாள்மார் இருவரும் சேலையும் நகையுமாகப் போய் இறங்கினோம். சடங்கு முடிந்த மறுநாள், மிச்சப் பலகாரத்தை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு, "வாங்கோ, ஏரி காட்டுறன்," என்றான் பிரசாந்.

"கடலுக்குப் பக்கத்திலை இருந்து வந்த எங்களுக்கு என்னடா ஏரி?" என்றேன். சும்மா ஒரு குளம் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

இறங்கினதும் வாய் பிளந்து நின்றுவிட்டேன். சுற்றிவர மலைகள், அடியிலிருந்து உச்சிவரை பச்சை. தண்ணீருக்குள்ளும் அதே மலைகள் தலைகீழாக. கல்லை அடுக்கிக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள், சீமெந்து பூசாத மதில்கள், மதிலுக்கு மதில் செம்மறிகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூச்சட்டி. பலெர்மோவில் வெயில் எங்களை வறுத்தெடுக்கும் ஜூலை மாதத்தில் அங்கே மழை தூறிக்கொண்டிருந்தது. ஒருவரும் ஒதுங்கக் காணோம். ஒரு நாய்க்குக்கூட மழைக்கோட்டு போட்டிருந்தார்கள். எனக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது, அவ்வளவு சந்தோஷம்.

ஏரிக்கரை மர வாங்கில் குந்தி புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டோம். ஒரு தாரா வாத்து வந்து மச்சாளின் கையிலிருந்த வடையைப் பறித்துக்கொண்டு போனது. பச்சைமிளகாயைக் கடித்துவிட்டது போலும், ஏரிக்குள் விழுந்தடித்துப் பாய்ந்தது. "களவெடுத்தால் உப்பிடித்தான் உறைக்கும்!" என்று மச்சாள் கத்திச் சிரித்தாள். அழுத பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

சாப்பிட்டு நடந்தோம். ஒரு பழைய தேவாலயம், பின்னால் சவக்காலை. அங்கே சனம் வரிசையில் நின்றது. ஒரு கல்லறைக்கு மேல் பூக்கள், கூழாங்கற்கள், நிறையப் பேனைகள். வாசலில் ஒரு கடை, கல்லறையில் இருப்பவரின் படம் போட்ட தட்டு, கோப்பை, தொங்கட்டான் எல்லாம் விற்றார்கள். பக்கத்துக் கடையில் கடதாசியில் சுற்றிய இஞ்சிக் கேக்குக்கு இன்னொரு வரிசை.

பலெர்மோவில் இருக்கிறவளுக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? எங்கள் மலைக்கோயில் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கும் இதே வரிசை, இதே படக்கடை. வேதக்காரரைவிட நாங்கள் சைவக்காரர்தான் செருப்பில்லாமல் ஞாயிறு ஞாயிறாக அங்கே ஏறுகிறோம். சாமியில் என்ன உன் சாமி, என் சாமி?

"மச்சாள், இது வந்து..." என்று பிரசாந் தொடங்கினான்.

"விளங்குது, விளங்குது," என்றாள் குகனேஸ்வரி. அவன் மிச்சத்தைச் சொல்வதற்குள் சப்பாத்தைக் கழற்றி, ஈரப் புல்லில் வெறுங்காலோடு போய் முழங்காலில் நின்றுவிட்டாள். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். கொண்டையிலிருந்த சடங்குவீட்டு மல்லிகைச் சரத்தைக் கழற்றி வைத்தாள். கல்லோரத்து மண்ணில் ஒரு துளி எடுத்து நெற்றியில் பூசினாள். உதடு துடிக்க நெடுநேரம் கும்பிட்டாள். பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டுத் தன் பூட்ஸ்களையும் கழற்றத் தொடங்கினாள். பிரசாந்துக்கு முகம் முழுக்க வியர்த்துவிட்டது.

நானும் கும்பிட்டேன், மறைப்பானேன். ஆனால் நேர்த்தி வைக்கவில்லை.

"மச்சாள், என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டான் பிரசாந்.

"நேர்த்தி வைச்சனான். சோதினை பாஸெண்டால் செருப்பில்லாமல் இந்த மலை ஏறி மெழுகுதிரி கொளுத்துறனெண்டு சொன்னனான்."

"ஐயோ மச்சாள்! அவ சாமி இல்லை. கதை எழுதின பொம்பிளை. ஹானா எண்டு பேர். இந்த ஏரிக்கரையிலை இருந்துதான் எழுதினவ. அவவின்ர வீட்டைப் பாக்கத்தான் சனம் வருது."

நான் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன். குகனேஸ்வரி சிரிக்கவில்லை. மண் பூசின நெற்றியோடு நின்று யோசித்தாள்.

"சாமியோ மனிசரோ, வைச்சது வைச்சதுதான்," என்றாள். "ஆனால் கதை எழுதினவவுக்கு மெழுகுதிரி என்னத்துக்கு? அவவுக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டுச் சொல்லும்."

யாரைக் கேட்பது? ஹானாவின் வீட்டுக்குள் போனோம். குனிந்து நுழைய வேண்டிய வாசல், ஏரியைப் பார்த்த ஜன்னல், ஜன்னலடியில் ஒரு சின்ன மேசை. அந்த மேசையில் இருந்தால் நான்கூட ஏதாவது எழுதியிருப்பேன், அப்படி ஒரு காட்சி. டிக்கெட் கொடுத்த பெண்ணிடம் பிரசாந் வெட்கத்தைவிட்டு விஷயத்தைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஹானாவின் ஒரு புத்தகமும் வாசித்ததில்லை, யாராவது முழுதாக வாசித்தால் ஹானா சந்தோஷப்படுவாள் என்றாள். இத்தாலியனிலும் வந்திருக்கிறதாம்.

குகனேஸ்வரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மலை ஏறு என்றால் ஓடி ஏறியிருப்பாள். புத்தகமாம், அதுவும் முழுதாக!

"அப்ப, பாஸ் பண்ணின பிறகு வாசிக்கலாம் தானே," என்று ஆறுதல் சொன்னேன்.

"அதுவரைக்கும் ஆர் பொறுக்கிறது? இப்பவே கட்டிட்டால் அந்த அம்மா மாட்டனெண்டு சொல்லேலாதெல்லே?"

நேர்த்திக்கடனை முன்கூட்டியே கட்டுகிற ஒருத்தியை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? இஞ்சிக் கேக்கைப் பிரசாதமாகக் கட்டிக்கொண்டு வந்தாள். பலெர்மோவில் இறங்கின கையோடு பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி, அட்டை கழன்ற ஒரு பிரதியைத் தேடிப் பிடித்தாள்.

முதல் நாளே கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். நான் பாய்ந்து பறித்தேன்.

"நேர்த்தியிலை களவெடுப்பினமோ? தாராவுக்கு உறைச்ச மாதிரித்தான் உமக்கும் உறைக்கும்."

பயந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு சொல்லையும் தாண்டவில்லை. காலையில் நாங்கள் சேர்ந்து போகும் பஸ்ஸில் விரலை வைத்து, வசனத்தின் தலையிலிருந்து வால்வரை, உதடசைத்து வாசித்தாள். முதல் அதிகாரம் முழுக்க மழைதான் பெய்ததாம். "எங்களுக்குப் பெய்தது காணாதெண்டு இதிலையும் பெய்யுது," என்று ஹானா அம்மாவைத் திட்டினாள். பிறகு கதையில் ஒரு பெட்டை வந்தாள். ஏரியில் படகு விடுகிறவள். ஊர்ப் பாதிரி அவளைக் கட்டக் கேட்கிறான். அவ்வளவுதான், எங்கள் பஸ் கலியாண வீடாகிவிட்டது.

"அம்பிகை, அவள் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை."

"பாதிரிக்கு என்ன குறை?"

"அவன் படகை விக்கச் சொல்லுறான்."

"அப்ப வேண்டாமெண்டு சொல்லச் சொல்லும்!" என்று நான் கத்த, பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் படியிறங்கும் சத்தம் கேட்டால், "என்னவாம் படகுக்காரி?" என்று கதவைத் திறந்துகொண்டு நானே நிற்பேன். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுவது போலாகிவிட்டது. அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்தது சோதனைக்கு முந்தின நாள். பாதிரி போனான், படகு மிஞ்சியது. நாங்கள் இருவரும் பஸ்ஸிலேயே கைகொட்டினோம்.

சோதனைக்கு நானும் கூடப் போய் வெளியே நின்றேன். வழக்கம்போல் முதல் ஆளாக வருவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெடியன் வந்தான். இரண்டு பெட்டைகள் வந்தார்கள். பிறகு கூட்டமாக வந்தார்கள். இவளைக் காணோம். முருகா, மயங்கி விழுந்துவிட்டாளோ? சாந்தா ரொசாலியாவைக் கூப்பிட்டேன், நல்லூரானைக் கூப்பிட்டேன். பாழாய்ப்போன வாய், ஹானா அம்மாவையும் கூப்பிட்டது.

கடைசி ஆளாக வந்தாள். அவசரமில்லாமல் நடந்து வந்தாள். அவளை அப்படி நடந்து நான் கண்டதே இல்லை.

"என்ன மச்சாள்? சொல்லித் துலையும்!"

"ஒவ்வொரு வசனத்தையும் தலையிலையிருந்து வால்வரைக்கும் வாசிச்சன் அம்பிகை," என்றாள். "பாஸ்."

நடுரோட்டில் கட்டிப்பிடித்து இருவரும் அழுதோம். மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹோன் அடித்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். சிஞ்ஞோராவுக்கு ஃபோன் எடுத்து, "குசினி என்ரதான்!" என்று இத்தாலியனில் கூவினாள். மறுமுனையில் சிஞ்ஞோராவும் கூவியது எனக்கே கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி இது: "அந்த ஹானா அம்மா வேறை புத்தகமும் எழுதினவவோ?"

"ஏன்?"

"கார் ஓடிக் காட்டுற சோதினை இனித்தானே இருக்கு."

"நாலு எழுதியிருக்கிறா. விசாரிச்சிட்டன். ஒண்டு என்னட்டை இருக்கு, பாதி வாசிச்சிட்டன்."

"நீரோ? களவாய் வாங்கிப்போட்டீரோ?" என்று வாயைப் பிளந்தவள், மறுநொடியே கையை நீட்டினாள். "கெதியா முடிச்சுத் தாரும்!"

"மாட்டன்," என்றேன். "வால்வரைக்கும் வாசிச்சுத்தான் தருவன்."