மாத்திரையிலயும் பங்கு

எங்க வூட்டுக்காரருக்குக் கையில எது வந்தாலும் பங்கு போட்டாத்தான் தூக்கம் வரும். மீன்ல பங்கு, பீடியில பங்கு. நல்ல குணம்னு ஊரே சொல்லும். எனக்கு மட்டும் இன்னிக்கும் அந்தக் குணத்து மேல கோவம் போகல.

எழுபதுகள்ல ஒரு மழைக்காலம். மாமல்லபுரத்துக்குத் தெக்கால, எங்க குப்பத்தை ஒட்டிச் சவுக்குத் தோப்பு. கன்னுக்குத் தண்ணி ஊத்தறதுக்காக மணல்ல பள்ளம் பள்ளமா தோண்டி வச்சிருப்பாங்க. அதுல நின்ன தண்ணியிலதான் கொசு பொரிச்சுது. இவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்காய்ச்சல். அவரோட ஒரே கட்டுமரத்துல போற மூணு பேருக்கும் அதேதான். காய்ச்சல் விட்ட நாளாப் பார்த்து அவங்க கடலுக்குப் போயிட்டாங்க, இவரால எழுந்திரிக்கவே முடியல. அன்னிக்குன்னு பார்த்து சைக்கிள்ல மலேரியாக்காரர் வந்தாரு. இவரு விரல்ல குத்தி, ரத்தத்தைக் கண்ணாடியில தடவிக்கினு, மாத்திரை குடுத்தாரு. அத்தனையும் நீயேதான் சாப்புடணும், காய்ச்சல் நின்னாலும் நிறுத்தக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனாரு. கடல்ல இருந்த மூணு பேரைப் பத்தி நாங்க யாரும் வாயைத் தொறக்கல.

மரம் கரையேறினதும் இவரு போர்வையோட மணல்ல போய் உக்காந்துக்கினு, மீன் பிரிக்கிற மாதிரியே மாத்திரையை நாலு பங்காப் பிரிச்சாரு. பாவி மனுசா, அது உன் உசுருக்குக் குடுத்ததுன்னு கத்தினேன். அவரு தலையைத் தூக்காமச் சொன்னாரு:

"நாலு பேரு ஏறுற மரம்டி. நான் ஒருத்தன் பொழைச்சுக்கினு இன்னா பண்றது?"

கொஞ்ச நாள் எல்லாருக்கும் காய்ச்சல் விட்டுது. பார்த்தியான்னு என்னைச் சீண்டினாரு, நானும் சிரிச்சுத் தொலைச்சேன். அப்புறம் மறுபடி அடிச்சுது. இவருக்கு மூளைக்கே ஏறிடுச்சு. புள்ளைங்க பேரைக்கூட மறந்து என்னென்னமோ பெனாத்தினாரு. திருக்கழுக்குன்றம் வழியா பஸ்ஸுல, மடியில படுக்க வச்சுக்கினு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விடியறதுக்குள்ள போயிட்டாரு.

மலேரியாக்காரர் அடுத்த சுத்து வந்தப்ப நடந்ததைச் சொன்னோம். அவரு உடனே பையைத் தொறந்து, அந்த மூணு பேருக்கும் ஆளுக்கு முழுசா மாத்திரை எடுத்துக் குடுத்தாரு. அதுக்கப்புறமும் பையில நெறைய இருந்துது.

"கேட்டிருந்தா அன்னிக்கே எல்லாருக்கும் குடுத்திருப்பேனேம்மா" ன்னாரு.

கேக்கணும்னு எங்க யாருக்கும் தோணலையே. கடல் குடுத்ததைப் பிரிச்சே பழகினவங்க நாங்க. இன்னும் கொஞ்சம் குடுன்னு கடல்கிட்ட யாரு போய்க் கேப்பாங்க?

அந்த மூணு பேரும் பொழைச்சாங்க. மாத்திரை வாங்கின அன்னிக்குச் சாயங்காலமும் எங்க வூட்டுக்காரரு பங்கு மீனைக் கொண்டாந்து வாசல்ல வச்சாங்க. தூக்கிக் கடல்லயே கடாசிடலாமான்னு வந்துது எனக்கு ஆத்திரம். புள்ளைங்க பசியில இருந்துச்சுங்க. எடுத்துக் கழுவினேன்.