காட்பாடியா, ஆம்பூரா

கல்யாணமான புதிதில் நாங்கள் பள்ளிகொண்டாவில் வீடு எடுத்ததற்கு ஒரே காரணம்தான். அந்த ஊர் இருவருக்கும் சமமான தொல்லையாக இருந்தது. என் கணவர் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். காலையில் வாசலை விட்டு இறங்கினால் அவர் கிழக்கே போகும் பஸ்ஸைப் பிடிப்பார், நான் மேற்கே போகும் பஸ்ஸைப் பிடிப்பேன். மகள் பிறந்த பிறகு அவளும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். பகலெல்லாம் கம்பெனி கிரெச்சில் இருந்துவிட்டு, மாலையில் பஸ்ஸில் என் மடியில் தூங்கிக்கொண்டே திரும்புவாள்.

அவளுக்கு நாலு வயது ஆகப்போகும் சமயத்தில் வீட்டுக்காரர் வந்தார். மகனுக்குக் கல்யாணம், புதுப்பெண் குடிவர வேண்டும், மே மாதத்துக்குள் காலி செய்து கொடுங்கள் என்றார். அதே கையோடு பத்திரிகையையும் நீட்டி, குடும்பத்தோடு அவசியம் வரவேண்டும் என்றார். நாங்களும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டோம்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் என் கணவர், "காட்பாடிக்குப் போயிடலாம்" என்றார்.

"ஆம்பூர்" என்றேன் நான்.

இரண்டுமே எங்கள் சொந்த ஊர் இல்லை. அவர் குடியாத்தம் பக்கம், நான் ஆற்காடு. இருந்தும் அன்று முதல் பிறந்து வளர்ந்த மண்ணுக்காகப் போராடுவதுபோலப் போராடினோம்.

"காட்பாடின்னா ஸ்டேஷன் இருக்குது. நல்ல ஸ்கூலுங்க இருக்குது. பாப்பாவுக்கு ஜுரம்னா அரை மணி நேரத்துல என் லேப்ல இருப்போம்."

"ஜுரம் வந்த குழந்தைய யாருங்க லேபுக்குத் தூக்கினு போவாங்க?"

"சரி, ஆம்பூர்ல இன்னா இருக்குது?"

"கம்பெனி இருக்குது. கிரெச் இருக்குது. எனக்கு அங்க நானூறு பேரைத் தெரியும்."

"அதான் எனக்கு பயமே" என்றார்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரு ஞாயிறு காட்பாடி, அடுத்த ஞாயிறு ஆம்பூர். பார்க்கப் போன ஊரில் நின்றுகொண்டு அந்த ஊரைக் குறை சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்லலாம். இது போதாதென்று அவர் லேப் புத்தியைக் காட்டினார். இரண்டு ஊர்த் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துவந்து பரிசோதிக்க வேண்டும் என்றார்.

காட்பாடி வீடு ஒரு மாடிப்போர்ஷன். கீழே இருந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், தனியாள். வாசலிலேயே செருப்பை எந்தப் பக்கம் விடவேண்டும் என்று காட்டினார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்துக் கேள்விகள் கேட்டார்.

"ஒன்பது மணிக்கு மேல குக்கர் விசில் வருமா?"

"வராது சார்" என்றார் என் கணவர்.

"குழந்தை ஓடுமா?"

"ஓடாது சார். ரொம்ப அமைதி."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. எங்கள் அமைதி ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி ஜன்னல் வரை கத்திக்கொண்டே ஓடியது. "ரயிலு! ரயிலு!" ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி பெட்டிகளை எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, எட்டு, நாலு..."

நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மூணுக்கு அப்புறம் எட்டு இல்ல, நாலு" என்றார். அப்புறம் அவரும் அவளோடு சேர்ந்து எண்ணினார். கடைசிப் பெட்டி போனதும், "இருபத்திரண்டு" என்று அவளிடம் அறிவித்தார். "இருபத்திரண்டு" என்று அவளும் எங்களிடம் அறிவித்தாள்.

அவர்கள் அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் நான் சமையலறையைப் பார்க்கப் போனேன். சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதற்குப் பின்னால் வெறும் சுவர். யாரும் என்னைப் பார்க்க முடியாது, நானும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. நாள் முழுக்க மிஷின் சத்தத்துக்கு நடுவில் நின்று, "அக்கா நூல் அந்துபோச்சு", "அக்கா ஊசி உடைஞ்சுபோச்சு", "அக்கா வயித்து வலி" என்று கேட்டே பழகிய காதுக்கு அந்த அமைதி குளிர்ந்த தண்ணீர் குடித்ததுபோல இருந்தது. குழாயைத் திறந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். அது நிறைந்து வழிந்த பிறகும் அங்கேயே நின்றேன்.

இதை என் கணவரிடம் சொல்வேனா? பள்ளிகொண்டா வந்து இறங்கியதும், "பாலத்து மேல பஸ் எவ்ளோ நேரம் நின்னுச்சு, கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

ஆம்பூரில் நாங்கள் பார்க்கவிருந்த வீடு என் லைனில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் பக்கத்து வீடு. அந்தத் தெருத் தண்ணீரை அவளே புதன்கிழமை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் காட்பாடி பாட்டிலுக்குப் பக்கத்தில், அடுப்பு மேடை மேல் வைத்தேன். மறுநாள் எடுத்துப் போவதாக என் கணவர் இரண்டிலும் சீட்டு ஒட்டினார். அன்று மாலை பார்த்து எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. வேலை முடிந்து வந்த அசதியில், பருப்பைக் குக்கரில் போட்டு, கைக்குக் கிடைத்த இரண்டு பாட்டிலையும் கவிழ்த்துவிட்டேன். விசில் வந்த பிறகுதான் காலிப் பாட்டில்களில் இருந்த சீட்டைப் பார்த்தேன்.

ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டேன். இரண்டாவது கவளத்தில் அவர் நிமிர்ந்தார்.

"பருப்பு இன்னிக்கு சும்மா வெண்ணெய் மாதிரி வெந்துருக்குதே. இன்னா பண்ணே?"

"தண்ணி விசேஷம்."

"எந்தத் தண்ணி?"

"ரெண்டும்."

அவர் மேடையைப் பார்த்தார், பாட்டில்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "பரிசோதன முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பருப்பு கேட்டார்.

அடுத்த ஞாயிறு ஆம்பூர். ஊருக்குள் பஸ் நுழைந்ததும் அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இன்னா ஸ்மெல் இது?"

"எது?"

"இதான், தோல் வாசன!"

"எனக்கு ஒண்ணும் வர்லியே" என்றேன். உண்மையிலேயே வரவில்லை.

மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அப்பாவுக்கு விளங்கவைக்கும் குரலில், "இது அம்மா வாசனப்பா" என்றாள். முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். என் கணவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இறங்கும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.

அங்கேயும் மாடிப்போர்ஷன்தான். கீழே வீட்டுக்காரம்மா. மகன்கள் இருவரும் வெளிநாட்டில். அந்தம்மா காகிதம் எதையும் எடுக்கவில்லை. நாங்கள் உட்காருவதற்கு முன்பே டீ வந்துவிட்டது. "ஜாஸ்தி சக்கர போட்டுட்டேனா? கம்மியா?" என்பதுதான் கேட்ட ஒரே கேள்வி. டீயைக் கையில் வைத்துக்கொண்டு குழாய், மோட்டார் என்று பேசிக்கொண்டிருந்தபோது மாடியில் மகள் அலறும் சத்தம் கேட்டது.

ஓடினோம். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே அவள் தலை வெளியே இருந்தது, உடம்பு உள்ளே இருந்தது. தெருவில் ஓர் ஆடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் தலையை நீட்டியிருக்கிறாள். காது இரண்டும் இடித்ததால் திரும்ப வரவில்லை.

நான் பின்னால் இழுத்தேன். அவள் இன்னும் அலறினாள். "இழுக்காத!" என்று என் கணவர் கத்திவிட்டு அவரே இழுத்தார். அதற்குள் கீழே தெரு திரண்டுவிட்டது. ஒருத்தி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஏறி வந்தாள். ஒருத்தி சோப்பு நுரை கொண்டுவந்தாள். யாரோ ஐஸ் வைக்கச் சொன்னார்கள். எங்கே வைப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. என் லைன் பெண் தெருவில் நின்றபடி, "எங்க சூப்பர்வைசர் பொண்ணு, எங்க சூப்பர்வைசர் பொண்ணு" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் செய்தி சொன்னாள். வீட்டுக்காரம்மா கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவி, "அழாத பேட்டி, என் மகளே, ஒண்ணும் ஆவாது. கம்பிய அறுத்துடலாம், நம்ம வீட்டு கம்பிதானே" என்றார்.

அப்போது எதிர்வீட்டு ஆள் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். இன்னொரு ஷூ கம்பெனியில், தைத்த தோலைக் கால் அச்சின் மேல் இழுத்து ஏற்றுகிற வேலை அவருக்கு.

"எல்லாரும் தள்ளுங்க. அச்சுல தோல ஏத்தி எறக்கறதுதான் என் பொழப்பே. பாப்பா, நீ எப்டிம்மா உள்ள விட்டே? நேராவா, சாச்சியா?"

"சாச்சி" என்று அழுகைக்கு நடுவே சொன்னாள்.

"அப்போ சாச்சிதான் வரும்." காதுக்குப் பின்னால் எண்ணெய் தடவி, ஒவ்வொரு காதாக மடக்கிப் பிடித்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பினார். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கீழே கைதட்டினார்கள். நான் அவளை அணைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். என் ஜாக்கெட்டெல்லாம் எண்ணெய்.

என் கணவர் அவள் முன்னால் உட்கார்ந்தார். "எப்பிடிமா அதுக்குள்ள தலைய விட்டே?" என்று கேட்டார்.

"இப்பிடிதான்" என்று அவள் விட்டுக் காட்டினாள்.

இரண்டாம் தடவை சீக்கிரம் வந்துவிட்டது. எண்ணெய் இருந்ததல்லவா.

அதற்குப் பிறகு யாரும் எங்களைக் கிளம்ப விடவில்லை. பிரியாணியும் கத்தரிக்காயும் வந்தன. என் கணவருக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை என்று தெரிந்ததும் எதிர்வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தன் சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்துவந்தார். அவர் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள்.

"நான் டாக்டர் இல்லீங்க, லேப்" என்றார் என் கணவர்.

"அதான் சார். டாக்டரே நீங்க எழுதி அனுப்பறத பாத்துதானே சொல்றாரு?"

என் கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எந்த எண் எதற்கு, எதைக் கேட்க டாக்டரிடம் போகவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினார். எனக்கு அவர் இப்படி எதையும் விளக்கியதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், "ஆம்பூரே இருக்கட்டும்" என்றார்.

"காட்பாடி" என்றேன்.

"ஆம்பூரு ஆம்பூருன்னு குதிச்சது நீதானே?"

"அது போன வாரம். நாள் பூரா கம்பெனியில ஜனத்தோட இருக்குறேன். வீட்டுக்கு வந்தாலும் அதே ஜனமா? அந்த காட்பாடி கிச்சன்ல பத்து நிமிஷம் நின்னேன். யாரும் என்ன அக்கான்னு கூப்புடல."

"எனக்கு லேப்ல ஒரு கண்ணாடி, அதுல ஒரு ஓட்ட. அது வழியா ரத்தம் உள்ள வரும், ரிப்போர்ட் வெளிய போவும். யார் ரத்தம்னு மூஞ்சி பாத்ததில்ல. இன்னிக்கி மூணு பேர் மூஞ்சியப் பாத்துப் பேசினேன்" என்றார்.

அவர் வேலையைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நானும் என் வேலையைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

அந்த வாரமே காட்பாடிக்காரரிடமிருந்து போன் வந்தது. வீட்டை எங்களுக்கே தருவதாகச் சொன்னார். ஆம்பூர் அம்மா சாவியையே என் லைன் பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டார். இரண்டு வீடும் கையில். மகளைக் கேட்டோம். ரயிலும் வேண்டும், ஆடும் வேண்டும் என்றாள்.

கடைசியில் முடிவு செய்தது பகல் பன்னிரண்டரை மணிதான். ஸ்கூல் அப்ளிகேஷனில் எல்.கே.ஜி. நேரம் போட்டிருந்தது, ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை. காட்பாடியில் பன்னிரண்டரைக்கு அவளை அழைக்க யார் போவது? நான் ஆம்பூரில் இருப்பேன், அவர் வேலூரில் ஓட்டைக்குப் பின்னால் இருப்பார். ஒரு மாதமாகத் தண்ணீர், பாலம், வாசனை என்று சண்டை போட்டவர்கள் இதை யோசிக்கவே இல்லை. ஆம்பூரில் எங்கள் லைன் பெண்களின் பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து கிரெச்சுக்குக் கொண்டுவர ஓர் ஆட்டோவே ஓடியது. அதை அவரிடம் சொல்லவேண்டியவளும் நானாகிப்போனேன். என் ஆசைக்கு எதிராக நானே வாதாடி ஜெயித்தேன்.

காட்பாடிக்காரருக்கு நான்தான் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர், "நூறு வரைக்கும் எண்ணக் கத்துக் குடுங்கம்மா. கூட்ஸ் வண்டின்னா அம்பதத் தாண்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்று முழுக்க மனசு ஒரு மாதிரியாக இருந்தது.

மே கடைசியில் குடிபோனோம். பால் காய்ச்சும்போது சமையலறையில் என்னைத் தவிர ஏழு பெண்கள் இருந்தார்கள். பொங்கியதும் "பொங்கிடுச்சு" என்று எட்டுப் பேர் சொன்னார்கள், கீழேயிருந்த வீட்டுக்காரம்மாவும் சேர்த்து. இப்போது என் கணவர் காலை ரயிலில் காட்பாடிக்குப் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வேலூருக்குப் போகிறார். ரயிலில் சீட்டுக்கட்டுக் கூட்டம் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. லீவு நாளில் முகம் வாடியிருக்கிறார்.

எனக்காக அவர் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு கீழே போய்விடுவார். ரிப்போர்ட்காரர்களை அங்கேயே பார்த்துக்கொள்வார். நான் மேலே கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன். முதல் ஞாயிறு, எனக்கு உடம்புக்கு ஏதோ என்று ஆறு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். போன வாரம் இரண்டு பேர்தான் தட்டினார்கள். அதில் ஒருத்தி கையில் சூடாக வடை இருந்ததால் திறந்துவிட்டேன்.