கோளாம்பிப் பூனையும் நாலு ஊசியும்

மக்களே, உங்கள் அம்மா ஊரெல்லாம் சொல்லி வரும் கதையில் மூன்று பொய் உண்டு. நான் அழவில்லை. மயங்கி விழவும் இல்லை. மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் பாலராமபுரத்தில் சித்தி வீட்டில் இருந்தீர்கள். அதனால் அம்மாவின் பக்கம் மட்டும்தான் உங்களுக்குக் கிடைத்தது. என் பக்கத்தையும் எழுதி வைக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், கதையைத் திருத்தக்கூடாது.

மைக் செட்காரனுக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் கூட்டத்திலும் கடைசி வரை உட்கார்ந்து கேட்டே ஆகவேண்டும். சர்ச் கன்வென்ஷன், கோயில் உற்சவம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றையும் ஆம்பிளிபயர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவன் நான். கேட்டதில் பாதி ஒன்றுக்கொன்று சண்டை போடும். இருந்தாலும் என் படிப்பு அதுதான்.

அந்த வாரம் வியாழக்கிழமை, அதியன்னூரில் ஒரு வீட்டுப் பால்காய்ச்சலுக்குப் போவதற்காக சாமான் எடுக்க நம் வீட்டு ஷெட்டுக்குள் போனேன். கோளாம்பிகளை, அதாவது மரத்தில் கட்டும் அந்த வாய் அகன்ற குழாய் ஸ்பீக்கர்களை, நான் சுவரோரம் சாய்த்து வைப்பது உங்களுக்குத் தெரியும். ஒன்றின் உள்ளே ஏதோ துணி கிடப்பது போல இருந்தது. கையை விட்டேன். துணி கடித்தது. கோளாம்பிக்குள் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. எங்கிருந்து வந்த பூனையோ! மணிக்கட்டில் இரண்டு பல், புறங்கையில் நாலு கீறல். ரத்தம் வந்தது.

நான் என்ன செய்தேன்? வயர் அறுந்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றினேன். கரண்ட் வெளியே வராது, ஆகவே வியாதியும் உள்ளே போகாது என்று ஒரு கணக்கு. அம்மா கேட்டதற்கு, "கம்பி கீறிச்சு" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், ஊசி. தென்னை மரத்து உச்சியில் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு கோளாம்பி கட்டுகிறவன்தான் நான். ஆனால் ஊசி என்றால் எனக்குப் பயம். உண்மையைச் சொன்னால் அம்மா ஆசுபத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். ஒரு பூனைதானே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு மாலை நம் வாசகசாலையில் 'வைரஸும் தடுப்பூசியும்' என்று ஒரு பேச்சு. பேச வந்த பெண் நம் ஊர்ப் பள்ளியில் படித்துப் போய், இப்போது ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வைரஸை ஆராய்கிறவர். வாசகசாலைச் செயலாளர், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மாமா, ஆளுக்கு ஒரு பழம்பொரியும் சாயாவும் உண்டு என்று நோட்டீசில் போட்டிருந்தார். அதனால் நாற்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள்.

அந்தப் பெண் நன்றாகப் பேசினார். மலையாளத்தில் தொடங்குவார், தமிழில் முடிப்பார், நாம் பேசுவது போலத்தான். வைரஸ் தனியாக ஒன்றும் செய்யாது, நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும் என்றார். எனக்கு அது பெண்டிரைவ் மாதிரி என்று பட்டது. பெண்டிரைவுக்குள் பாட்டு உண்டு, ஆனால் தானாகப் பாடாது. என் ஆம்பிளிபயரில் குத்தினால், என் கரண்டு, என் கோளாம்பி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அதன் பாட்டைப் பாடும். தடுப்பூசி என்பது அந்தப் பாட்டின் முதல் அடியை உடம்புக்கு முன்கூட்டியே கேட்கவைப்பது. பிறகு உண்மையான வைரஸ் வந்து வாயைத் திறந்ததும், "இவன் அவனாக்கும்" என்று உடம்பு பிளக்கைப் பிடுங்கிவிடும்.

செயலாளர் எழுந்து கேட்டார். "மோளே, இந்த வைரஸுக்கு உயிரு உண்டா, இல்லியா?"

"மாமா, அது எங்க லேபிலயும் தீராத வழக்காக்கும்."

"அப்போ நீங்க அங்க இருந்து என்னதான் செய்யுதிய?"

"காத்திருக்கிறதுதான் மாமா. செல்லு வளர்ந்துதான்னு பார்ப்போம். வளராது. வளரல்லன்னு எழுதி வைப்போம். மறுநாளும் பார்ப்போம்."

"இதுக்கா எங்க வரிப்பணம்?" என்று அவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து அந்தப் பெண் பேவிஷத்தைப் பற்றிப் பேசியதும் சிரிப்பு நின்றுவிட்டது. வெறிநாய்க்கடி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், அந்த வியாதிதான்.

நாய் மட்டும் அல்ல, பூனை கடித்தாலும், கீறினாலும் அந்த வைரஸ் வரலாம் என்றார். அது ரத்தத்தில் ஓடாது, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளையை நோக்கி நடக்கும். அது நடந்து முடிப்பதற்குள் தடுப்பூசி வேலையைத் தொடங்கிவிட்டால் பிழைத்தோம். அது மூளைக்குப் போய், தண்ணீரைக் கண்டு பயம் வந்துவிட்டால், பிறகு உலகத்தில் எந்த வைத்தியருக்கும் காப்பாற்றத் தெரியாது.

நான் டேப்பைப் பார்த்தேன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. அது எத்தனை தூரம் நடந்திருக்கும்? மணிக்கட்டிலிருந்து தலைக்கு நான் விரலால் சாண் போட்டுப் பார்த்தேன், மக்களே. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சாயா இடைவேளை வந்தது. இடைவேளைகளில் என் வழக்கம் ஒன்று உண்டு. மேசையில் இருக்கும் அறிவிப்பு மைக்கில், "சாயா பின்புறம் உண்டு" என்று சொல்வேன். உடனே ஒரு பாட்டுப் போடுவேன். பாட்டை ஏற்றும்போது இடது கை தானாக மைக்கைக் குறைத்துவிடும். அன்றைக்குச் செயலாளர், "அறிவியல் கூட்டமாக்கும், பாட்டு வேண்டாம்" என்று தடுத்துவிட்டார். பாட்டு இல்லை, ஆகவே கையும் போகவில்லை. மைக் திறந்தே கிடந்தது.

கூட்டத்தில் எல்லாருடைய போனும் சார்ஜுக்கு வருவது என் மேசைக்குத்தான். அந்தப் பெண்ணும் தன் போனை எடுக்க வந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. நான் குரலைத் தாழ்த்தி, யாரோ ஒரு சிநேகிதனுக்காகக் கேட்பது போலத் தொடங்கினேன்.

"மேடம், ஒரு சம்சயம். என் கூட்டுக்காரன் ஒருத்தனைப் பூனை கடிச்சு."

"எப்போ?"

"வியாழக்கிழமை. அவன் ஊசி போடல்ல. அவனுக்கு ஊசின்னா... கொஞ்சம் பேடி."

"பயந்துக்கிட்டே போடச் சொல்லுங்க. சோப்புப் போட்டுக் கழுவினாரா?"

"இல்ல. டேப் சுத்தினான்."

அவர் என் கையைப் பார்த்தார். "உங்க கூட்டுக்காரரு கையிலயும் இதே கறுப்பு டேப்பா அண்ணே?"

அந்த நேரத்தில்தான் பின்புறத்திலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்று நான்கு கோளாம்பி கட்டியிருந்தேன். ஒன்று வாசகசாலை முகப்பில், ஒன்று ஜங்ஷனில், ஒன்று சர்ச் மதில் பக்கம், ஒன்று நம் வீட்டு வளைவில் பலா மரத்தில். என் குரல் வெளியே போவதை நான் கேட்டிருக்க வேண்டும். காதில் நெஞ்சு அடிக்கும் சத்தம்தான் கேட்டது.

செயலாளர் கையில் சாயாக் கிளாசோடு வந்தார். "எலே, உன் கூட்டுக்காரன்கிட்ட சொல்லு, ஊரே கேட்டாச்சு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. முதலில் என்னைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நாலு நாளு போனது போனதுதான். இனி ஒரு மணிக்கூரும் போகக்கூடாது. டேப்பை எடுங்க. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு மினிட். அப்புறம் நேரா ஆசுபத்திரி." யாரோ கடையிலிருந்து சோப்பு வாங்கி வந்தார்கள். செயலாளர் வாட்சைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கையை எடுக்க விடவில்லை.

"இன்னும் ஆறு மினிட் உண்டு. இறங்கப்பிடாது."

"மாமா, கை மரத்துப் போச்சு."

"ஸ்டாப் வரட்டும்."

கூட்டம் முழுவதும் பழம்பொரியோடு சுற்றி நின்றது. அந்தப் பெண் குழாயடியில் நின்றபடியே, எதற்காகச் சோப்பு, எதற்காக இவ்வளவு நேரம் என்று மீதிப் பேச்சை மைக் இல்லாமல் பேசி முடித்தார். பேவிஷ வைரஸுக்கு மேலே கொழுப்பால் ஒரு உறை உண்டாம், சோப்பு அதைக் கரைத்துவிடுமாம். என் மைக் வேண்டாமலே நடந்த ஒரே கூட்டம் அதுதான்.

பதினைந்து நிமிடம் முடிந்தது. "ரைட், போலாம்!" என்று செயலாளர் சொன்ன அதே நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே உங்கள் அம்மா. மீன் கழுவிக்கொண்டிருந்த கையை நைட்டியில் துடைத்துவிட்டு அப்படியே வந்திருந்தாள்.

"கம்பி கீறிச்சுன்னுதானே சொன்னிய?" என்றாள். "கம்பிக்குப் பல்லு உண்டுமா?"

நான் ஈரக் கையைப் பின்னால் மறைத்தேன்.

"ஏறுங்க. கூட்டுக்காரனையும் கூட்டிட்டு வாங்க."

ஆட்டோவில் அவள் என்னைத் திட்டவில்லை. கடிபட்ட கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆசுபத்திரியில் இரண்டு தோளிலும் தடுப்பூசி. ரத்தம் வந்த கடி என்பதால், உடம்பு சொந்தமாகப் படை திரட்டும் வரைக்கும் கடிவாயைச் சுற்றிப் போடும் மருந்து வேறு. நான் கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரே மந்திரத்தைச் சொன்னேன். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு..." மூன்று வருவதற்குள் முதல் தோள் முடிந்துவிட்டது.

"சேட்டா, கண்ணு தொறக்கு. மைக்கு ஒக்கே ஆணு," என்றாள் நர்ஸ். கடிவாயில் போட்டபோது கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. அது அழுகை அல்ல, வலி. எழுந்து நடந்தபோது சுவரைப் பிடித்தேன். அது மயக்கம் அல்ல, சுவர் பக்கத்தில் இருந்தது.

மொத்தம் நாலு தவணை. அதற்கு இடைப்பட்ட நாட்களைப் பற்றி அம்மா உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். தினமும் காலையில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தந்து, நான் குடித்து முடிக்கும் வரை எதிரே நிற்பாள். அப்பா உடம்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று நீங்கள் கிண்டல் செய்தீர்கள். அவள் பார்த்தது என் தொண்டையை. தண்ணீர் இறங்கியதும் டம்ளரை வாங்கிக்கொண்டு போவாள். கழுவும்போதுதான் மூச்சு விடுவாள்.

அந்தப் பூனைக்குத் தினமும் எட்ட நின்று மீன் தலை வைக்கும் வேலை உங்களுக்குக் கிடைத்தது அன்பினால் மட்டும் அல்ல. கடித்த பூனையைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பேவிஷம் இருந்திருந்தால் அதற்குள் செத்திருக்கும். நீங்கள் சாயங்காலம் வந்து, "அப்பா, பூனை எல்லாத்தையும் தின்னாச்சு" என்று சொல்லும்போது, எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்கு அப்போது தெரியாது. பத்து நாளும் அது தின்றது. பத்து நாளும் நான் ஒரு கோளாம்பி குறைவாகத்தான் வேலைக்குப் போனேன்.

பூனை நன்றாக இருந்தாலும் ஊசியைப் பாதியில் விட நான் துணியவில்லை. நாலாவது ஊசிக்கு அம்மா வரவில்லை. தனியாகப் போய், தனியாக வந்தேன். வாசலில் நின்றவள், "கூட்டுக்காரன் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

இப்போது மேசை மைக்கை அணைத்தேனா என்று இரண்டு முறை பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு அணைத்திருந்தால் என்ற நினைப்பும் வரும். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இன்னொரு பொய் சொல்லிவிட்டு, அந்த டேப்போடேயே வீட்டுக்கு வந்திருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். உங்களை ஏதாவது கடித்தாலோ கீறினாலோ, கம்பி என்று சொல்லாதீர்கள். என்ன கடித்ததோ அதைச் சொல்லுங்கள், சோப்புப் போடுங்கள், அப்பாவைக் கூப்பிடுங்கள். நான் கூட வருவேன், சுவர் பக்கமாக நின்றுகொள்வேன்.

மூன்றாவது பொய்யைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? குட்டிகள் வளர்ந்ததும் தாய்ப் பூனையை மிருக ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்த் தடுப்பூசி போட்டோம். அப்போது பூனை என்னைவிட அடக்கமாக இருந்தது என்று அம்மா சொல்கிறாள். சுத்தப் பொய். நான் பக்கத்தில்தான் நின்றேன். பூனையும் கத்தியது.