கவையில் இட்ட விபூதி

என் மனைவி முழுகாமல் இருந்த சமயம் அது. கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்த எங்களுக்கு, திருவிடைமருதூர் மகாலிங்க சாமி அப்போதுதான் கண் திறந்திருந்தார்.

மரம் வெட்டுவது என் தொழில். வீட்டின் மேலும் கரண்டுக் கம்பியின் மேலும் சாய்ந்து நிற்கிற மரங்களை, ஒரேயடியாகத் தள்ளாமல், கிளை கிளையாக அறுத்துக் கயிற்றில் இறக்குவேன். ஆனால் மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் பச்சை மரத்தை வெட்டக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, கடல் தாண்டக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். நான் அதிகம் படித்தவன் இல்லை. பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அருவாளுக்கும் ரம்பத்துக்கும் எண்ணெய் தடவிப் பரணில் போட்டுவிட்டு, வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஐப்பசிக் காற்றில் பக்கத்து ஊர் வாய்க்கால் கரையில் இருந்த தூங்குமூஞ்சி மரம், அடிமரம் இரண்டாகப் பிரிகிற கவையில் பிளந்துகொண்டது. தெற்குப் பாதி அப்படியே ஓர் ஓட்டு வீட்டுக்கு மேலே, ஓட்டைத் தொடாமல் சாய்ந்து நின்றது. அந்த வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அவர் மனைவி, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக எங்கள் வாசலுக்கு வந்து நின்றது.

"அண்ணே, அடுத்த வீட்டுல படுத்து எந்திரிக்கிறோம். அவங்க போன் பண்ணி, மரம் விழுந்துச்சா விழுந்துச்சான்னு அங்கேருந்து கெடந்து தவிக்கிறாங்க."

என்னோடு ஏறியவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டிருந்தார்கள். பட்டுக்கோட்டை பஸ்ஸை விட விமானத்தில் அதிகம் ஆள் போன காலம் அது. மீதி இருந்தது என் மச்சினன் ஒருவன். அவனும் சிங்கப்பூரில் கட்டட வேலையிலிருந்து லீவில் வந்திருந்தவன். சாரத்தில் ஏறும்போது மாட்டுகிற, இரண்டு கொக்கி வைத்த பெல்ட்டும் தொப்பியும் கூடவே கொண்டுவந்திருந்தான்.

"நான் ஏறுறேன் அத்தான். எனக்குக் கல்யாணமா, காட்சியா? எந்தச் சட்டமும் கெடையாது" என்றான்.

"வாய மூடுடா" என்றாள் என் மனைவி. அவளுக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். என்னை அனுப்பினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது; அவனை அனுப்பினால் தம்பிக்கு என்ன ஆகுமோ. அந்தப் பெண்ணின் இடுப்பில் இருந்த பிள்ளை இவளைப் பார்த்துச் சிரித்தது. அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"நீங்க கயிறு மட்டும் புடிங்க. கயிறு புடிச்சா வெட்டுனதா ஆகாது. ஆனா அவன் எறங்குற வரைக்கும் உங்க கண்ணு அவன் மேலயே இருக்கணும்."

மறுநாள் நானும் மச்சினனும் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். தெற்கே வீடு, மேற்கே கரண்டுக் கம்பி, வடக்கே வாய்க்கால். கிழக்கே மட்டும் ஒரு களம் அளவுக்கு வெற்றிடம். வீட்டின் மேல் நீட்டிய ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டி, மேலே உறுதியான வடக்குப் பாதியில் சுற்றவிட்டு, மறுமுனையைக் கீழே தென்னை மரத்தில் சுற்றிப் பிடித்து, மெல்ல மெல்லக் கிழக்கே இறக்குவது என்று முடிவு செய்தோம். எதை முதலில் அறுப்பது, எதைக் கடைசியில் என்று மண்ணில் குச்சியால் படம் போட்டேன். கம்பியில் கரண்டை நிறுத்த லைன்மேனிடம் சொல்லிவைத்தோம்.

மழை வெறித்த நாள் பார்த்து ஆரம்பித்தோம். எந்த மரத்தில் ஏறினாலும், அதில் குடியிருக்கிற தெய்வமும் பறவைகளும் மன்னிக்கவேண்டும், வேறு இடம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டு, கவையில் விபூதி இடுவது என் வழக்கம். நான் ஏற முடியாததால், விபூதியைத் தண்ணீரில் குழைத்துக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினேன்.

"சிங்கப்பூர்ல இதுக்கு சேஃப்டி மீட்டிங்னு பேரு அத்தான். இங்க பட்டை அடிக்கிறீங்க."

"அடிக்கிறத நல்லா அழுத்தி அடி மாப்ளே."

கவையில் மயிரிழையாகத் தெரிந்த பிளவுக்குக் குறுக்காக மூன்று விரலால் இழுத்தான். மழையில் கறுத்த பட்டையில் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. கீழே நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டேன்.

முதல் கிளை அழகாக இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. கயிறு தென்னையில் கரகரவென்று வழுக்க, நான் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் டீ போட்டு எடுத்துவந்து தூரத்திலேயே நின்றது. மூன்றாவது கிளை கொஞ்சம் கனம். அறுபட்டதும் கயிற்றை வெடுக்கென்று இழுத்துத்தான் நின்றது. மரம் முழுக்க ஒருமுறை குலுங்கியது. அதைக் கிழக்கே இறக்கிவிட்டு, மனைவி சொன்னபடி அவனைப் பார்க்கத்தான் நிமிர்ந்தேன். அவனுக்குக் கீழே இருந்த கவை கண்ணில் பட்டது.

விபூதிப் பட்டை பிரிந்திருந்தது. மூன்று கோடும் நடுவில் அறுந்து, இடையில் விரல் நுழைகிற அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. அவன் பெல்ட்டோ சாய்ந்த பாதியில்தான் மாட்டியிருந்தது. அது விழுந்தால் அவனையும் சேர்த்துக்கொண்டு ஓட்டின் மேல்தான் விழும்.

"மாப்ளே, ரம்பத்த நிறுத்து."

"இன்னும் ஒரே ஒரு கெள அத்தான், முடிச்சிருவேன்!"

"நிறுத்துடா! பட்டை பிரிஞ்சிருக்கு. வடக்க மாத்து பெல்ட்ட. ஆட்டாம மாத்து."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவன் கீழே குனிந்து கவையைப் பார்த்தான். இரண்டாவது கொக்கியை வடக்குப் பாதியில் மாட்டி, இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் முதல் கொக்கியை எடுத்தான். காலை மாற்றி வைக்கும்வரை நான் மகாலிங்க சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். என் கையில் அப்போது கயிறு கூட இல்லை. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மரத்தின் மேலே இருந்த அத்தனை காலத்திலும் அதுபோல் நான் பயந்ததே கிடையாது. நான் ஏறும்போதெல்லாம் வீட்டில் அவள் இப்படித்தான் இருந்திருப்பாளோ என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அவன் இறங்கி வந்ததும், ரைஸ் மில்லில் பாரம் இழுக்கிற செயின் பிளாக் இரவல் வாங்கிவந்தோம். இரண்டு பாதியையும் மேலே சங்கிலியால் வளைத்துக் கட்டி, அவன் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க, நான் கீழிருந்து, "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அறுந்த கோடுகள் ஒன்றையொன்று தேடி வந்து தொட்டுக்கொண்டன. அதற்குப் பிறகு பெரிய கிளைகளைத் துண்டு துண்டாக்கித்தான் இறக்கினோம். வேலை மறுநாளும் இழுத்தது. அந்த வீட்டில் உடைந்தது ஒரே ஓடு. அதுவும் மரத்தால் இல்லை, மச்சினன் கைநழுவவிட்ட தண்ணீர் பாட்டிலால். "சிங்கப்பூர் பாட்டில்ணே, அதான் கனம்" என்று சொல்லி அந்தப் பெண் சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவன் கை காலையெல்லாம் தடவிப் பார்த்தாள். என்னைக் கேட்டாள், "கண்ண எடுக்கலியே?"

"எடுக்கல."

லீவு முடிந்து அவன் போய்விட்டான். அதன் பிறகு தை மாதத்தில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். எஸ்.டி.டி. பூத்துக்காரர் வந்து, சிங்கப்பூரிலிருந்து போன் என்று கூப்பிட்டார். ஓடினேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். பிள்ளை யார் ஜாடை என்று கேட்டான். பிறகு,

"நெத்தியில பட்டை போட்டாச்சா அத்தான்?"

"போட்டாச்சு மாப்ளே."

"பிரியாம இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

தீட்டுக் கழிந்ததும் அருவாளைப் பரணிலிருந்து இறக்கினேன். அன்றிலிருந்து எந்த மரத்துக்குப் போனாலும், ரம்பத்தையும் கயிற்றையும் தொடாமல், மேலே இருப்பவனையும் கவையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளைக் கீழே நிறுத்துகிறேன். ஒரு ஆள் சும்மா நிற்கிறானே என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அவனுக்குத்தான் பெரிய வேலை என்பேன்.