இடது பக்கமே விழுந்த குண்டுகள்

என் பொண்டாட்டி என்னை முதல்ல பார்த்ததே சந்தேகக் கண்ணோடதான். அப்ப நான் தையல் கடை போட்ட புதுசு. அவ போட்டியில ரைஃபிள் சுடறவ. கேன்வாஸும் தோலுமா ஒரு தடி ஜாக்கெட்டை மேஜைமேல போட்டு, தோள்ல கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கன்னா. நாளைக்கு வாங்கன்னேன். போனாளா? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசித் தையல் விழற வரைக்கும் என் கையையே பார்த்துக்கிட்டிருந்தா. நல்ல தோலை உருவிட்டு மட்டமானதை வெச்சுடுவேனாம். இதைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னா, மகராசி.

ஆனா அந்தச் சந்தேகம்தான் அவளுக்குச் சோறு போட்டுச்சு. ரைஃபிள்ல குறி பார்க்கற இடத்துல ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை ஒரு கிளிக் திருப்பினா குண்டு மயிரிழை தள்ளி விழும். மத்தவங்க டீ குடிக்கப் போற நேரத்துல, எவனாவது அதைத் தொட்டிருப்பானோன்னு இவ தடவித் தடவிப் பார்த்துக்கிட்டிருப்பா. அரங்கத்து வெளிச்சத்தை நம்ப மாட்டா, நடுவரை நம்ப மாட்டா, நேத்து நல்லா சுட்ட தன் கையையே இன்னிக்கு நம்ப மாட்டா. அப்படியே தேசிய சாம்பியன் ஆயிட்டா, பல வருஷம் பட்டத்தை விட்டுக் குடுக்கவும் இல்ல. முதுகு மக்கர் பண்ண ஆரம்பிச்சதும் துப்பாக்கியைக் கீழ வெச்சா. தேசிய அணிக்கே கோச்சா வரச் சொல்லிக் கூப்பிட்டாங்க.

வீட்லயும் அதே கூத்துதான். கேஸ்காரர் சிலிண்டரை இறக்கினா தூக்கிப் பார்ப்பா. நான் கடையை மூடிட்டு வந்தா எந்தத் தெரு வழியா வந்தேன்னு கேப்பா. அவ சந்தேகப்படாத ஒரே ஆள் எங்க பொண்ணு. அவளும் அம்மா வழியிலயே ரைஃபிளை எடுத்தவ. போன வருஷம் அணியில கடைசி இடத்துக்கு அவளும் இன்னொருத்தியும் சமமா நின்னாங்க. தேர்வுக் குழுவுல என் பொண்டாட்டியோட வார்த்தைதான் முடிவாச்சு. பொண்ணு உள்ள போனா. அம்மா கோட்டான்னு ஊரே பேசுச்சு.

இந்த வருஷத் தேர்வுச் சுற்று வந்ததும் பொண்ணோட புள்ளி மளமளன்னு இறங்குச்சு. என் பொண்டாட்டிக்கு மூக்கு வேர்த்துடுச்சு. குண்டு எங்க பட்டுச்சுன்னு காட்டற திரையில எனக்குக் குறிகளைக் காட்டினா. எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு, சட்டைப் பொத்தான் அளவுக்குள்ள. ஆனா நடுவுல இல்ல, இடது பக்கம். கை நடுங்கினா சிதறும், இது சிதறல, எவனோ திருகைத் திருப்பறான்னா. முதல்ல துப்பாக்கி அறைக் காவலாளியைப் பிடிச்சு உலுக்கினா. பாவம், அந்த மனுஷன் வேலையை விட்டே போறேன்னுட்டார். அடுத்து துணைக் கோச், அவரோட சிஷ்யை ஒருத்தி அந்த இடத்துக்கு வரிசையில நின்னதால. கடைசியில துப்பாக்கிப் பெட்டிக்குப் புதுப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில மாட்டிக்கிட்டா. அடுத்த சுற்றுலயும் குண்டு இடது பக்கமே போச்சு.

எனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. ஆனா வருஷக்கணக்கா கேட்டுக் கேட்டு காது புளிச்சிருக்கு. போட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கணக்குல சேராத ஒத்திகைக் குண்டு சுடுவாங்க. எவன் திருப்பியிருந்தாலும் அதுலயே தெரிஞ்சுடும், சுடறவளே சரி பண்ணிக்கலாம். அப்புறம் ஏன் நம்ம பொண்ணு பண்ணலன்னு வாயை விட்டேன். என் பொண்டாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கே! என்மேலயும் சந்தேகம் வந்துடுச்சு. ஆனா அவ மூஞ்சி வெளிறிப் போச்சு. இத்தனை பேரைத் துருவினவளுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அந்தப் பக்கம் பார்க்க மனசு வரல, அவ்வளவுதான்.

அன்னிக்குச் சாப்பிடறப்ப பொண்ணுகிட்ட நேராவே கேட்டுட்டா. பொண்ணு தட்டுலேருந்து தலையைத் தூக்காம, ஆமா, சுட நிக்கறப்ப நான்தான் திருப்பி வெச்சேன்னா.

"ஏன்டி?"

"போன வருஷம் எனக்கு அந்த இடத்தைக் குடுத்தியே, நான் அதுக்கு லாயக்குன்னு குடுத்தியா, உன் பொண்ணுன்னு குடுத்தியா?"

எதுக்கும் சுருக்குன்னு பதில் வெச்சிருக்கறவ, நான் கேட்காமலே என் தட்டுல ரசத்தை ஊத்தினா. பொண்ணு அதைக் கவனிச்சா. உனக்கே நிச்சயமில்லாத இடம் எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து கை கழுவப் போயிட்டா. எனக்கு ரெண்டு பேர்மேலயும் கோவம் கோவமா வந்துச்சு.

கடைசிச் சுற்றுக்கு நானும் போனேன். ஒத்திகைக் குண்டு இடது பக்கம் விழுந்துச்சு. பொண்ணு திரையைப் பார்த்தா, லாயக்கான்னு நீயே பாருங்கற மாதிரி ஒரு தடவை பின்னாடி திரும்பி அம்மாவைப் பார்த்தா, அப்புறம் திருகுல கையை வெச்சா. அதுக்கப்புறம் சுட்டதெல்லாம் நட்டநடுவுல. முன்ன விட்ட புள்ளியையெல்லாம் அள்ளிக்கிட்டு மேல வந்துட்டா. எல்லாரும் கை தட்டறாங்க. என் பொண்டாட்டி மட்டும் விறுவிறுன்னு நடுவர்கிட்டப் போய், இந்தப் பொண்ணோட ஜாக்கெட்டைச் சோதிக்கணும்னா.

ஜாக்கெட் விறைப்பா இருந்தா உடம்பை அது தாங்கிக்கும், ஆடாம சுடலாம். அதுக்காக விறைப்புக்கும் தடிமனுக்கும் அளவு வெச்சிருக்காங்க. அந்த ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தெச்சது யாரு? நானு! கருவியை வெச்சு முதுகை அழுத்தினாங்க, தோளை அழுத்தினாங்க. எல்லாம் அளவுக்குள்ளதான் இருந்துச்சு. நடுவர் ஜாக்கெட்டைத் திருப்பிக் குடுத்ததும், பொண்ணு அதை மார்போட பிடிச்சுக்கிட்டு அம்மாகிட்ட வந்து நின்னா.

"இது ஊர் வாயை மூடறதுக்கா, உனக்காகவா?"

ஊருக்காகன்னு சொல்லித் தொலையேன்டின்னு நான் மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டிருந்தேன்.

"எனக்காகத்தான்"னா என் பொண்டாட்டி. "இப்பச் சந்தேகம் இல்ல."

"போன வருஷம்?"

"அது தெரியலடி. இன்னிக்கு வரைக்கும் தெரியல."

பொண்ணு அழுவான்னு நினைச்சேன். அவ அம்மா முகத்தை நல்லாப் பார்த்துட்டு, "அப்ப இந்த வருஷம் அணிக்கு வரேன்"னு சொன்னா.