கைக்குட்டை துடைத்த ஒற்றை அடுக்கு

ஆய்வகத்தில் அவளுக்கு 'டேப் அக்கா' என்று பெயர். அவள் உள்ளே நுழைந்தாலே ஜூனியர்கள் ஒட்டுநாடா உருளையை எடுத்து நீட்டுவார்கள். கிண்டல்தான். ஆனால் அவள் பிழைப்பே அதில்தான் ஓடியது. கருகருவென்று மின்னும் படிகத்தை டேப்பில் ஒட்டி, மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துப் பிரித்தால் ஏடு ஏடாக உரிந்து வரும். அதைச் சிலிக்கன் சில்லின்மேல் அழுத்தி எடுத்து, கண் பூத்துப்போகும்வரை மைக்ராஸ்கோப்பில் தேட வேண்டும். எங்கு பார்த்தாலும் தடித்த துண்டுகள்தான் கிடக்கும். அவளுக்கு வேண்டியதோ அணுவளவே கனமுள்ள ஒரே ஒரு அடுக்கு. வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

கணவனும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். "இந்த வருஷம் ஆராய்ச்சிப் படிப்ப முடிச்சிட்டு வந்துடுவேன்டா" என்று போனில் சொன்னால், "போன வருஷமும் இதத்தான்மா சொன்னே" என்பாள் மகள்.

கடைசியில் கிடைத்தேவிட்டது. கிழிசல் இல்லாத, அகலமான ஒற்றை அடுக்கு. மைக்ராஸ்கோப்பிலேயே அதைப் படமும் எடுத்து வைத்தாள். வெளியூரில் இருக்கும் பெரிய கருவியில் அதை அளக்க அடுத்த வாரம் அவள் முறை. அதைத் தவறவிட்டால் இன்னொரு வருஷம் காத்துக் கிடக்க வேண்டும்.

மறுநாள் மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. துறைத்தலைவர் அறை அறையாகத் தூசி தேடிக்கொண்டு வந்தார். அவள் மேசைமேல், அந்த ஒற்றை அடுக்கு ஒட்டியிருந்த சில்லைக் கையில் எடுத்தார்.

"என்னம்மா இது, ஒரே குப்பையா இருக்கு?"

அவள் "ஐயோ சார்!" என்று பாய்வதற்குள், மேலே மின்னிய தூளைக் கைக்குட்டையால் பரபரவென்று தேய்த்துவிட்டார். ஒற்றை அடுக்கைச் சுற்றிக் கிடந்த தடித்த துண்டுகள்தான் அந்தத் தூள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். கீறல்கள் மட்டுமே இருந்தன.

"அதான் டேப் இருக்கே, இன்னொண்ணு உரிச்சுக்கோ. இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு!"

இந்த ஒற்றை அடுக்கைப் பற்றியே ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற மனிதர், துடைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூடப் பாதிக் கோபம் ஆறியிருக்கும். மறுநாள், குழுவுக்கு அவள் தன் ஆய்வை விளக்க வேண்டிய கூட்டத்துக்கு முன் அவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னதுதான் எல்லாவற்றையும் மிஞ்சியது.

"முன்னாடி எடுத்த படம் இருக்குல்ல? அதையே போட்டுடு. அடுத்த வாரம் அளக்கப் போறோம்னு சொல்லு. யாருக்குத் தெரியப்போகுது?"

மேடை ஏறினாள். படத்தைப் போட்டாள். பக்கத்திலேயே, தேய்த்தபின் எடுத்த கீறல் படத்தையும் போட்டாள்.

முன்வரிசையிலிருந்த குழுத்தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டும் ஒரே இடமா?"

"ஒரே இடம்தான் மேடம். முதல் படத்துல இருக்கறதுதான் என் படிப்பு மொத்தமும்."

"அப்போ இந்தக் கீறல்?"

"சாரோட கைக்குட்டை."

அரங்கமே திரும்பிப் பார்த்தபோது, துறைத்தலைவர் அதே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.